நாற்கம்பிச் சிறுகருவியில் பழம்பாட்டு இசைத்தல்: ஓர் எதிர்பார்ப்பியல் ஆய்வு

ஆய்வின் எல்லை

யுகுலேலே என்னும் நாற்கம்பிக் கருவியில் ஊரறிந்த பழைய பாட்டொன்றை வாசிக்கும் செயலை மட்டுமே இக்கட்டுரை ஆராய்கிறது. புதுப் பாட்டு இதில் சேராது. புதுப் பாட்டில் இடறினால் கேட்பவருக்குத் தெரியப்போவதில்லை; யாருக்கும் தெரியாத பிழையை ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் உதவித்தொகை தராது. கிடார் சேராது. பியானோ சேரவே சேராது. அதை ஒருமுறை மாடி ஏற்றியவர்கள் இந்த விலக்கை மனமார ஆதரிப்பார்கள்.

பழைய பாட்டு என்று இங்கே குறிக்கப்படுவது அமெரிக்கர்கள் ‘ஸ்டாண்டர்ட்’ என்று சொல்லும் வகை. ஏறத்தாழ 1910களிலிருந்து 1940கள் வரை நியூயார்க்கின் டின் பேன் ஆலிப் பதிப்பகங்கள், பிராட்வே மேடைகள், ஹாலிவுட் படங்கள் ஆகிய மூன்று பட்டறைகளிலிருந்தும் வண்டி வண்டியாக வெளிவந்த பாட்டுகளில், எழுதியவர் பெயர் மறந்த பிறகும் மெட்டு மறக்காமல் தங்கிப்போனவை. இவற்றின் இலக்கணம் ஒன்றுதான்: கேட்கிற எல்லோரும் தேர்வாளர்கள். சங்கீதத்தின் வாசலில்கூட நிற்காதவர், மூன்றாம் அடியில் ஒரு சுரம் தப்பியதும் முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுரத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. அது அங்கே வந்திருக்க வேண்டும், வரவில்லை என்பது மட்டும் தெரியும். விமர்சகர்களில் இதைவிட ஆபத்தான இனம் இல்லை.

கருதுகோள்

பழம்பாட்டு எதிர்பார்ப்பை ஏற்றுகிறது. யுகுலேலே எதிர்பார்ப்பை இறக்குகிறது. இரண்டும் ஒரே மடியில் வந்து அமரும்போது கணக்கு நேராகி, வாசிப்பவர் தப்பித்துக்கொள்கிறார். ஆய்வுலகின் வசதிக்காக இதை நூற்பாவாகவும் யாத்துள்ளோம்:

சிறியதில் பெரியது செய்யுங் காலை
பிழையினும் உவப்பர் கேட்டிசி னோரே.

இஃது என் நுதலிற்றோ எனின், சிறுகருவியிற் பெரும்பாட்டு இசைப்பார்க்கு உள்ளதோர் சலுகை உணர்த்துதல் நுதலிற்று. ‘சிறியது’ என்றது கருவியை. ‘பெரியது’ என்றது பாட்டின் புகழை. ‘பிழையினும்’ என்ற உம்மையால், பிழையாக்காலும் உவப்பர் என்பது பெறப்படும்; அதற்கு எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிதாகலின் ஈண்டு விரிக்கவில்லை. ஈற்றேகாரம் தேற்றம். அசைநிலை என்பாரும் உளர். அவர் யுகுலேலே கேட்டறியாதார்.

கருவி

சோப்ரானோ எனப்படும் மூல அளவு யுகுலேலே, தலை முதல் அடிவரை ஏறத்தாழ 53 செ.மீ. இதைவிடப் பெரிதாகக் கான்சர்ட், டெனர், பாரிடோன் என மூன்று உண்டு. வாங்குபவர்கள் சோப்ரானோவில் தொடங்கி, வாசிப்பு சரியாக வராததற்கு அளவுதான் காரணம் என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக மேலேறுவார்கள். பாரிடோனை அடைந்தபோது அது கிடாரின் மேல் நான்கு தந்திகளைப் போலவே சுருதி சேர்க்கப்படுவதை உணர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதாகச் சிலர் கலங்குவதுண்டு.

1879 ஆகஸ்டில், ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் மதீரா தீவின் போர்த்துக்கீசியக் குடும்பங்களை ஹொனலூலுவில் இறக்கியது. வந்தவர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமானவர்கள். கூடவே மஷேட் என்ற தங்கள் ஊர்ச் சிறு நாற்கம்பிக் கருவியும் வந்தது. அந்தக் கப்பலில் இருந்த மானுவல் நூனெஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ, அகுஸ்தோ டியாஸ் மூவரும் தச்சு வேலை அறிந்தவர்கள். பின்னாளில் ஹொனலூலுவில் கடை போட்டு, உள்ளூர்க் கோவா மரத்தில் இழைத்து, யுகுலேலேயை உருவாக்கியவர்கள் என்று இவர்களைத்தான் சொல்கிறார்கள். மன்னர் கலாகவுவா அதை அரண்மனை விருந்துகளுக்குள் அழைத்துக்கொண்டார்.

வரலாற்றாசிரியர்கள் இதில் குடியேற்றம், வணிகம், பண்பாட்டுக் கலப்பு முதலியவற்றைக் காண்கிறார்கள். நாம் காண்பது வேறு. கப்பலை விட்டு இறங்கிய சில நாட்களிலேயே இந்தத் தீவுக்காரர்கள் இரவுதோறும் தெருவில் கச்சேரி செய்து மக்களை மகிழ்விப்பதாக ஹொனலூலுப் பத்திரிகை எழுதியது. கரும்பு வெட்ட வந்தவர்களிடம் எவரும் கச்சேரியை எதிர்பார்த்திருக்கவில்லை. பிறந்த நாள்தொட்டே இக்கருவி எதிர்பார்ப்பின் அடித்தட்டில் நின்றுதான் வென்றிருக்கிறது.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் பெருங்கண்காட்சியின் ஹவாய்க் கூடத்தில் அமெரிக்கர்கள் இதைக் கேட்டுக் கிறங்கினார்கள். அடுத்த பத்தாண்டு முழுக்க யுகுலேலேப் பித்து. மே சிங்கி பிரீன் என்ற பெண்மணி, பதிப்பாளர்களைப் பேசி வசப்படுத்தி, அச்சிட்ட பாட்டுத்தாள்களில் பியானோ வரிக்கு மேலே யுகுலேலேக்கான குட்டிக் கட்டப்படங்களையும் போட வைத்தார். புள்ளி இருக்கும் இடத்தில் விரலை வை, வருடு, பாடு, அவ்வளவுதான். சுரம் படிக்கத் தெரியாத லட்சக்கணக்கானோரைப் பாட்டுத்தாள் வாங்க வைத்தது அந்தப் புள்ளிகள்தான். இசைக் கலைஞர்களின் சங்கம் யுகுலேலேயை வாத்தியமாக ஏற்கத் தயங்கியபோது அதற்காக வாதாடியவரும் இவரே. சங்கத்தின் தயக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. நம் கோட்பாட்டுக்கு அது மிக முக்கியமான சான்று.

சுருதியும் சமயப் பூசலும்

நான்கு தந்திகளும் ஜி, சி, ஈ, ஏ. சோப்ரானோவின் மிகத் தாழ்ந்த சுரம், பியானோவின் நடுவிலிருக்கும் சி. அதற்குக் கீழே இக்கருவிக்கு உலகமே கிடையாது. மந்திர ஸ்தாயி இல்லாமல் ஒரு வாழ்க்கை.

மேலும், வாசிப்பவரின் முகத்துக்கு மிக அருகில் இருக்கும் நான்காம் தந்தி, கிடாரைப் போலத் தாழ்ந்து ஒலிக்காமல், அடுத்த இரண்டையும் விட உயர்ந்து ஒலிக்கும். வருடும்போது ஒலி உயரத்தில் தொடங்கி, இறங்கி, மறுபடி ஏறும். யுகுலேலேயின் துள்ளலுக்குப் பாதிக் காரணம் இதுதான். ஆனால் சிலர் அந்தத் தந்தியைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் தடித்த தந்தியைக் கட்டுகிறார்கள். இவர்கள் கீழ்-ஜி மரபினர். மற்றவர்கள் மேல்-ஜி மரபினர். இரு தரப்புக்கும் இடையிலுள்ள உறவு வடகலை, தென்கலைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. யானையும் வழக்கும்தான் பாக்கி. இக்கட்டுரை மேல்-ஜி மரபைச் சார்ந்தது. காரணம் கேட்பது நாகரிகமன்று.

புது நைலான் தந்தி சில நாட்களுக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். பழம்பாட்டு பழைய தந்தியில்தான் பொருந்தும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் அடிப்படை அது ஒன்றே.

சோதனைப் பாட்டு

நம் ஆய்வுக்கூட எலியாகத் தேர்ந்துகொண்டது 1925இல் பரவிய ‘ஃபைவ் ஃபுட் டூ, ஐஸ் ஆஃப் ப்ளூ’. யுகுலேலே வாங்கிய எவரும் இப்பாட்டைக் கடக்காமல் போக முடியாது. நான்கு துண்டுகள், 32 தாள வட்டங்கள். முதல், இரண்டாம், நான்காம் துண்டுகள் ஏறத்தாழ ஒன்றே, மூன்றாவது மட்டும் சற்று வெளியே போய்த் திரும்பும். அக்காலத்துப் பட்டறையின் நிலையான அச்சு.

இதன் கார்டுகள், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகள்: சி, ஈ7, ஏ7, டி7, ஜி7, மறுபடியும் சி. சி-யிலிருந்து ஈ7-க்கு ஒரே தாவல். பிறகு ஒவ்வொன்றும் அடுத்ததன் காலடியில் விழும்படி அமைந்த சரிவு. ஈ7 ஏ-யைக் கேட்கும், ஏ7 டி-யைக் கேட்கும், டி7 ஜி-யைக் கேட்கும், ஜி7 வீட்டைக் கேட்கும். மூன்றாம் துண்டுக்குப் புதிதாக ஏதோ வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் அங்கேயும் ஈ7, ஏ7, டி7, ஜி7தான், சற்று நிதானமாக. இசையமைப்பாளரின் சிக்கனம் வணங்கத்தக்கது.

விரல் செலவைக் கணக்கிடுவோம். சி-க்கு ஒரு விரல். ஈ7-க்கு மூன்று. ஏ7-க்கு ஒன்று. டி7-க்கு இரண்டு. ஜி7-க்கு மூன்று. திரும்பிய சி-க்கு ஒன்று. ஆக, ஒரு முழுச் சுற்றுக்கு 11 விரல்கள். பியானோக்காரர் ஒரே ஒரு கார்டை ஆடம்பரமாக வாசித்தாலே இதை நெருங்கிவிடுவார். விரலே வைக்காமல் நான்கு தந்தியையும் வெறுமனே வருடினாலும் சி6 என்ற கௌரவமான கார்டு கிடைக்கிறது. கிடாரில் எதையும் பிடிக்காமல் வருடிப் பாருங்கள், வீட்டில் ஏதோ உடைந்ததா என்று கேட்பார்கள். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு இனிமையான கூலி தரும் கருவி வேறு எதுவும் நம் பார்வைக்கு வரவில்லை.

டி7-க்கு இரண்டு விரல் என்றோம். யுகுலேலேக்காரர்கள் ‘ஹவாயன் டி7’ என்று கொண்டாடும் எளிய பிடி அது. நான்காம் தந்தியிலும் இரண்டாம் தந்தியிலும் இரண்டாம் ஃபிரெட்டில் விரல். மற்ற இரண்டும் சும்மா. ஒலிப்பவை ஏ, சி, எஃப் ஷார்ப், மறுபடி ஏ. கவனிக்க: டி7 என்னும் கார்டில் டி இல்லை. தலைவரே வராத தலைமை உரை. ஆயினும் நூறு ஆண்டுகளாக எவரும் புகார் கொடுக்கவில்லை. ஏன்?

தடை: கேட்பவர் செவி மந்தமாக இருக்கலாமே? விடை: அன்று. அதே செவிதான் மூன்றாம் அடியில் ஒரு சுரம் தப்பினால் சுளிக்கிறது என்று முன்னரே நிறுவினோம். அப்படியானால் மெட்டில் ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கிற காது, கார்டின் வேரே காணாமற்போனதை எப்படி விட்டுவிடுகிறது? ஏனெனில் ஏ7 வந்தாயிற்று, அடுத்து டி வந்தே தீரும் என்று அந்தக் காதுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்ததால் அதுவே அந்த டி-யைத் தன் கையிலிருந்து போட்டுக்கொள்கிறது. வாசிப்பவர் மேல்பாதியை வாசிக்கிறார். கேட்பவர் கீழ்பாதியை மனத்துக்குள் வாசிக்கிறார். மந்திர ஸ்தாயி இல்லாத கருவிக்கு மந்திர ஸ்தாயி கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே நம் கருதுகோள் திருத்தம் பெறுகிறது. எதிர்பார்ப்பு ரத்தாவதில்லை. அது வேலைக்கு அமர்த்தப்படுகிறது, சம்பளமில்லாமல். முழு வாத்தியக்குழு இதே பாட்டை வாசிக்கும்போது கேட்பவருக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை. கைகட்டி உட்கார்ந்து குற்றம் கண்டுபிடிப்பார். யுகுலேலே பாட்டின் பாதியை விட்டுவைப்பதால், அவர் பக்கவாத்தியக்காரராகிவிடுகிறார். தன் கச்சேரியைத் தானே குறை சொல்கிற பக்கவாத்தியக்காரர் உண்டா?

தரவுகள்

1926இல் ரிச்சர்ட் பேர்டு வட துருவத்தை நோக்கிப் பறந்தபோது, அந்தப் பயணக் குழுவிலிருந்த ரிச்சர்ட் காண்டர் என்பவர் தம்முடைய மார்ட்டின் யுகுலேலேயை விமானத்தில் ஒளித்து அனுப்பிவிட்டார். பேர்டு உண்மையில் துருவத்தைத் தொட்டாரா என்பதில் இன்றுவரை சர்ச்சை தீரவில்லை. யுகுலேலே விமானத்தில் இருந்ததில் சர்ச்சை இல்லை. இருப்பினும், பனிக்கட்டியின் மேல் கேட்பவர் எவரும் இல்லாததால் இத்தரவு பயன்படாது.

1969இல் நிலவிலிருந்து திரும்பிய நீல் ஆம்ஸ்ட்ராங், தனிமைப்படுத்தப்பட்டிருந்த நாட்களில் யுகுலேலேயும் கையுமாக இருக்கும் படம் உண்டு. கூட இருந்தவர்கள் எழுந்து வெளியே போக அரசாங்கம் அனுமதிக்காத சூழல். இதையும் நீக்கினோம்.

எஞ்சியவற்றில் முதன்மையானது ‘ஓவர் த ரெயின்போ’. 1939இல் ‘த விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்துக்காக ஹெரால்ட் ஆர்லன் இசையில் ஜூடி கார்லண்ட் பாடியது. முன்னோட்டக் காட்சிக்குப் பின் படத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று இதை வெட்டவே வெட்டிவிட்டு, பிறகு மனம் மாறிச் சேர்த்தார்கள். ஆஸ்கர் விருது வாங்கியது. முதல் சொல்லிலேயே ஒரு முழு ஸ்தாயியைத் தாவுகிற மெட்டு. பெரிய குரல், நிறைய வயலின், பொங்கும் கண்ணீர் என்று ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொருவரும் ஒரு செங்கல் ஏற்றிக்கொண்டே போனார்கள்.

1988இல் ஒரு பின்னிரவில் ஹொனலூலு ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றுக்கு ஹவாய்ப் பாடகர் இஸ்ரேல் காமகாவிவோஒலே வந்தார். கையில் யுகுலேலே, கூட யாருமில்லை. உட்கார்ந்து பாடிப் பதிவு செய்துவிட்டுப் போனார். 1967இல் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பாட்டையும் அதனுடனேயே கோத்திருந்தார். வரிகள் இடம் மாறின, சொற்கள் மாறின, மெட்டும் அங்கங்கே தன் வழி போனது. 1993இல் ‘ஃபேசிங் ஃபியூச்சர்’ இசைத்தொகுப்பில் வெளிவந்து, இன்று உலகின் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டே இதுதான்.

நம் தேர்வாளர் எங்கே போனார்? சொல் மாறியதற்குச் சுளிக்க வேண்டியவர் ஏன் அழுதார்? மாறியவை எல்லாம் கேட்பவர் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருந்தவை; மூல வரி அவருக்குள் ஓடிக்கொண்டிருக்க, பாடுபவர் அதன் ஓரமாக நடந்துபோகிறார். குழுவோடு இப்படிப் பாடியிருந்தால் ஒத்திகை போதவில்லை என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பதிவின் வருடலைக் கவனித்துக் கேளுங்கள்: அவசரமில்லை, அலங்காரமில்லை, நிறைய இடம் விட்டிருக்கிறது. நம் கட்டுரையில் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தாலும், அந்தக் குரலைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதே முறை. 1997இல், 38 வயதில் அவர் இறந்தபோது ஹவாய் மாநிலத் தலைமைச் செயலகத்தில் உடலை வைத்து மரியாதை செய்தார்கள்.

கோட்பாட்டின் இருண்ட பக்கத்தையும் மறைக்கக் கூடாது. டைனி டிம். நீண்ட சுருள்முடி, உச்சக் குரல், கையில் யுகுலேலே. 1929ஆம் ஆண்டுப் படப்பாட்டான ‘டிப்டோ த்ரூ த ட்யூலிப்ஸ்’ பாடலை 1968இல் பாடி அமெரிக்கத் தொலைக்காட்சி முழுவதையும் சிரிக்க வைத்தார். கேட்பவர் விட்ட இடத்தை நிரப்புவார் என்றோமே, இவர் விட்ட இடத்தைச் சிரிப்பால் நிரப்பினார்கள். அந்த மனிதருக்கு டின் பேன் ஆலியின் பழம்பாட்டுகள் ஏராளமாகப் பாடம். யார் முதலில் பாடினார், எப்படி இழுத்தார் என்பதெல்லாம் நாவில் நின்றன. அதைக் கேட்கும் அளவுக்கு எதிர்பார்ப்பு எவரிடமும் இல்லை. எதிர்பார்ப்பு மிகவும் தாழ்ந்துபோனால் காதும் அதோடு இறங்கிவிடுகிறது. சிரித்தவர்களைவிட அவருக்குப் பாட்டு அதிகம் தெரியும் என்பதுதான் இந்த ஆய்வில் எமக்கு உறுத்திய ஒரே செய்தி.

இதற்கு மாற்றுமருந்து 2002 நவம்பர் 29 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கிடைத்தது. ஜார்ஜ் ஹாரிசனின் நினைவுக் கச்சேரி. எரிக் கிளாப்டன், பால் மெக்கார்ட்னி, ரிங்கோ ஸ்டார், டாம் பெட்டி என்று மேடை கொள்ளாத ஆட்கள். ஹாரிசன் தீராத யுகுலேலேப் பித்தர். போகிற வீடுகளில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு வருவார். மெக்கார்ட்னி அவருடைய ‘சம்திங்’ பாட்டை யுகுலேலேயில்தான் தொடங்கினார். இத்தனை மின்கிடார்களும் முழங்கி ஓய்ந்த பிறகு, நிகழ்ச்சியை முடித்து வைத்தவர் ஜோ பிரவுன்: ஒரு யுகுலேலேயுடன் முன்னால் வந்து, 1924ஆம் ஆண்டின் ‘ஐ’ல் சீ யூ இன் மை ட்ரீம்ஸ்’ பாடினார். மேலேயிருந்து பூவிதழ்கள் பொழிந்தன. இதைவிடப் பெரிய முடிவு வேண்டுமென்றால் இதைவிடச் சிறிய கருவி தேவைப்பட்டிருக்கும்.

எதிர்ச்சான்று

நேர்மையான ஆய்வாளர் தமக்கு எதிரான சான்றையும் முன்வைப்பார். முன்வைத்த உடனே தள்ளுவார். பி. ஜி. வுட்ஹவுஸின் 1934ஆம் ஆண்டு நாவல் ‘தேங்க் யூ, ஜீவ்ஸ்’ நமக்குப் பெரும் தொல்லை. பெர்ட்டி ஊஸ்டர் பாஞ்சோலேலே கற்கத் தொடங்குகிறார். அடுக்ககவாசிகள் கொதிக்கிறார்கள். அவரோ கருவியை விடமாட்டேன், கிராமத்துக்குப் போய் வாசிப்பேன் என்கிறார். அவருடைய ஒப்பற்ற பணியாளர் ஜீவ்ஸ், அதன்பின் ஒரு கணமும் தாமதியாமல் வேலையை விட்டு விலகிவிடுகிறார். பிழையினும் உவப்பர் என்று நாம் யாத்த நூற்பாவை இதைவிட மரியாதையாக மறுத்தவர் இல்லை.

விடை: பாஞ்சோலேலே யுகுலேலே அன்று. சுருதியும் பிடியும் யுகுலேலேயினுடையவை; ஆனால் உடம்பு பாஞ்சோவினுடையது, முகப்பில் தோல் இழுத்துக் கட்டியிருக்கும், ஒலி சுவரைத் துளைக்கும். அது எந்த இடத்தையும் கேட்பவருக்கு விட்டுவைப்பதில்லை. ஆகவே ஜீவ்ஸின் ராஜினாமா நம் எல்லைக்கு வெளியே நடந்தது.

உடனே சிலர் எழுந்து, அப்படியானால் பாஞ்சோலேலேயை வைத்தே இங்கிலாந்தை ஆண்ட ஜார்ஜ் ஃபோர்ம்பியை என்ன செய்வீர்கள் என்பார்கள். 1936இல் அவர் பாடிய ‘வென் ஐ’ம் கிளீனிங் விண்டோஸ்’ பாட்டை, ஜன்னல் துடைப்பவன் உள்ளே என்னென்ன பார்க்கிறான் என்ற காரணத்துக்காக பிபிசி ஒலிபரப்பத் தயங்கியது, நாடே முணுமுணுத்தது. ஃபோர்ம்பியை நாம் நம் பக்கத்துச் சான்றாகவே கொள்கிறோம். சாதகமாக வரும்போது பாஞ்சோலேலே யுகுலேலேயின் உட்பிரிவு, பாதகமாக வரும்போது தனி இனம். வகைப்பாட்டியல் வேறெதற்காக இருக்கிறது?

பயிற்சி நடக்கும் வீட்டில் சமையல்கார அம்மா திடீரென்று கணக்கு முடித்துத் தரச் சொன்னால், ஆய்வாளருக்கு எழுதுவதற்கு முன் கருவியைத் திருப்பிப் பார்த்து, முகப்பு மரமா தோலா என்பதை உறுதி செய்துகொள்ளவும். மரமாக இருந்தால் மட்டும் எழுதவும்.